இனப் பூனைகளின் முடி: எது எவ்வளவு கொட்டும், எப்படிப் பராமரிப்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்சியன், சயாமீஸ், மெயின் கூன் என்று இனப் பூனை வளர்க்கிறவர்களும், வளர்க்க ஆசைப்படுகிறவர்களும் முடியைப் பற்றிக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பூனைகளுக்கு முடி சீவி, சிக்கெடுப்பதே என் வேலை என்பதால் இந்தக் கேள்விகள் எனக்குத் தினசரி வருகின்றன. எல்லாப் பதிலுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான்: பூனை வாங்கும்போது முடி எவ்வளவு நீளம் என்று பார்ப்பதைவிட, அடிமுடி எவ்வளவு அடர்த்தி என்று தொட்டுப் பாருங்கள். வீட்டில் எவ்வளவு முடி பறக்கும், தினமும் எவ்வளவு நேரம் நீங்கள் சீப்பும் கையுமாக உட்கார வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

நீளமான முடி இருந்தால்தான் அதிகமாகக் கொட்டுமா?

இல்லை. பூனையின் உடம்பில் மூன்று விதமான முடி இருக்கிறது. வெளியே நமக்குத் தெரிவது நேரான, தடித்த காவல் முடி. அதற்கு அடியில் நுனி மட்டும் கொஞ்சம் தடித்த இடைமுடி. தோலை ஒட்டி, மெல்லியதாக, நெளிநெளியாக இருப்பது அடிமுடி. காவல் முடி ஈரத்தையும் அழுக்கையும் தடுக்கிறது. அடிமுடி உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. சோபாவிலும் கறுப்பு பேன்ட்டிலும் ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்கிறதே, அதில் பெரும்பங்கு அடிமுடிதான்.

துருக்கி அங்கோராவுக்கு நீளமான முடி. ஆனால் அடிமுடி மிகக் குறைவு. வாரம் இரண்டு தடவை சீவினால் போதும். பிரிட்டிஷ் ஷார்ட்ஹேருக்குக் கட்டையான முடி. ஆனால் அடிமுடி அவ்வளவு நெருக்கம். கையால் ஒரு தடவு தடவினாலே உள்ளங்கை சாம்பலாகிவிடும். "முடி சின்னதாத்தானே இருக்கு, கொட்டாது" என்று நம்பி பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் வாங்குகிறவர்கள்தான் அதிகம் ஏமாந்துபோகிறார்கள்.

அடிமுடி இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பூனையின் விலாப் பக்கத்திலோ தொடையிலோ முடியை வால் பக்கமிருந்து தலைப் பக்கமாகத் தள்ளி, இரண்டு கட்டைவிரலாலும் வகிடு எடுங்கள். உடனே தோல் தெரிந்தால் அடிமுடி குறைவு. வெளிர் நிறத்தில் ஓர் அடுக்கு தோலை மறைத்துக்கொண்டு, விரலை எடுத்ததும் மறுபடி மூடிக்கொண்டால் அடர்த்தியான அடிமுடி. முதுகில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அங்கே காவல் முடி அதிகம் என்பதால் சரியாகத் தெரியாது.

முடி கொட்ட ஒரு சீசன் உண்டு என்கிறார்களே, எங்கள் வீட்டில் வருஷம் முழுக்கக் கொட்டுகிறதே?

ஒவ்வொரு முடியும் கொஞ்ச காலம் வளர்ந்து, நின்று, ஓய்ந்து, பிறகு உதிர்கிறது. மொத்தமாக எப்போது உதிர வேண்டும் என்று பூனையின் உடம்புக்குச் சொல்வதில் வெயிலைவிடப் பகலின் நீளத்துக்குத்தான் பங்கு அதிகம். லண்டனில் ஜூன் மாதத்துப் பகல் சுமார் 16½ மணி நேரம். டிசம்பரில் 8 மணி நேரத்துக்கும் குறைவு. அங்கே வசந்த காலத்தில் பூனை குளிர்கால அடிமுடியைக் கொத்துக் கொத்தாக உதிர்க்கும். இலையுதிர் காலத்தில் இன்னொரு தடவை.

சென்னையில் ஜூன் மாதப் பகல் 13 மணி நேரத்தை நெருங்கும்; டிசம்பரில் 11½ மணிக்கும் சற்றுக் குறைவு. வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். போதாததற்கு வீட்டுக்குள் ராத்திரி 11 மணி வரை டியூப்லைட் எரிகிறது. பூனையின் உடம்புக்குப் பருவம் மாறுவதே சரியாகத் தெரிவதில்லை. அதனால் மொத்தமாகக் கொட்டாமல், வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். இது நோயில்லை. ஐரோப்பியப் புத்தகங்களில் போட்டிருக்கும் 'வசந்த கால உதிர்வு' அட்டவணையை நம் வீட்டுப் பூனைக்குப் பொருத்திப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

பெர்சியனுக்கு உண்மையிலேயே தினமும் சீவ வேண்டுமா?

தினமும். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால்கூட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெர்சியனுக்கு மேல்முடியும் நீளம், அடிமுடியும் நீளம், இரண்டுமே அடர்த்தி. உதிர்கிற அடிமுடி கீழே விழாமல் மேல்முடிக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, ஈரமும் எண்ணெயும் சேர்ந்து சிக்காகிறது.

பூனை தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளாதா என்று கேட்பார்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ கால் பங்கை நக்குவதிலேயே செலவழிக்கிற பிராணி அது, உண்மைதான். ஆனால் பூனையின் நாக்கை ஆராய்ந்த அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2018-ல் ஒன்றைக் காட்டினார்கள். நாக்கிலுள்ள முட்களின் நுனி குழிவாக இருக்கிறது. அந்தக் குழி எச்சிலை ஏந்திக்கொண்டு போய் முடியின் அடி வரைக்கும், தோல் வரைக்கும் சேர்க்கிறது. மற்றப் பூனைகளுக்கெல்லாம் முள் தோலைத் தொடுகிறது. பெர்சியனுக்கு மட்டும் எட்டவில்லை. முடியை அந்த நீளத்துக்கு வளர்த்தெடுத்தது மனிதர்கள். ஆகவே அந்த நாக்கு செய்ய முடியாத வேலையைச் செய்யும் கடமையும் நமக்கு உண்டு. இதை நான் பூனையின் மேல் காட்டும் கருணை என்று நினைப்பதில்லை. வாங்கும்போதே ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு அது.

இருபுறமும் பல் உள்ள ஸ்டீல் சீப்பு வாங்குங்கள். ஒரு பாதி அகலப் பல், மறு பாதி நெருக்கப் பல். பூனை தூங்கி எழுந்து சோம்பலாகக் கிடக்கும் நேரத்தைப் பிடியுங்கள். முதலில் அகலப் பல்லால், முடியின் நுனியில் தொடங்கி மெல்ல மெல்ல அடிக்குப் போங்கள். மேலாக வருடிவிட்டு "சீவியாச்சு" என்று எழுந்துவிட்டால் மேலே பளபளப்பாகவும் அடியில் சிக்காகவும் இருக்கும். வகிடெடுத்து, வகிடெடுத்து, தோல் தெரியச் சீவ வேண்டும்.

சிக்கு எங்கே தொடங்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது: முன்னங்கால் அக்குள், காதுக்குப் பின்னால், கழுத்துப்பட்டைக்கு அடியில், வயிறு தொடையைச் சேரும் மடிப்பு, வாலுக்குக் கீழே. அக்குளில் சீவும்போது காலைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள்; பூனைக்கு வலிக்கும். காலை முன்பக்கமாகச் சற்றே தூக்கி, அங்கிருக்கும் தோலை இன்னொரு கையால் தட்டையாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று சின்ன இழுப்பாகச் சீவி விட்டுவிடுங்கள். மீதி நாளைக்கு. சிறிய முடிச்சு என்றால் கொஞ்சம் சோள மாவைத் தடவி விரலாலேயே இரண்டாகப் பிரியுங்கள். பிறகு சீப்பு இறங்கும்.

கத்தரிக்கோல் மட்டும் வேண்டவே வேண்டாம். பூனையின் தோல் மிக மெல்லியது, எலும்போடு இறுக்கமாக ஒட்டியிருக்காது. சிக்கைப் பிடித்துத் தூக்கினால் தோலும் கூடவே கூம்பாக எழும்பும். எது முடி, எது தோல் என்று தெரியாமல் வெட்டி, தையல் போடுமளவு காயமான பூனைகளைப் பார்த்திருக்கிறேன்.

டால் ஃபேஸ், செமி பன்ச், பன்ச் ஃபேஸ் – இதில் எதற்கு முடி குறைவாகக் கொட்டும்?

இவை நம் ஊர்ச் சந்தையில் முகத்தை வைத்துச் சொல்லும் பெயர்கள். மூக்கு நீண்டிருந்தால் டால் ஃபேஸ். தட்டையாகி இரண்டு கண்ணுக்கும் நடுவே ஏறிவிட்டால் பன்ச் ஃபேஸ். முடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பன்ச் ஃபேஸுக்கு விலை அதிகம், மூச்சுத் திணறலும் அதிகம். கண்ணீர் வழிந்து முகத்து முடி எப்போதும் நனைந்து பழுப்பேறும், தினமும் ஈரப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும். நம் வெயிலுக்கு மூக்கு நீண்ட குட்டியே நல்லது என்பேன்.

கோடையில் மொட்டை அடித்துவிட்டால் பூனைக்குக் குளிர்ச்சியாக இருக்காதா?

பூனைக்குப் பாதத்தைத் தவிர வேறெங்கும் சொல்லிக்கொள்ளும்படி வியர்ப்பதில்லை. அதனால் மொட்டை அடித்ததும் நமக்குக் கிடைப்பது போன்ற குளிர்ச்சி அதற்குக் கிடைக்காது. மாடியில், ஜன்னலோரத்தில் படுக்கும் பூனைக்கு வெறும் தோலில் வெயில் சுடும். வெள்ளைப் பூனையாக இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். உடம்புச் சூட்டைக் குறைக்க விரும்பினால் அடிமுடியை நன்றாகச் சீவி எடுங்கள். காற்று உள்ளே போகும். வயிற்றுப் பக்கமும் வாலுக்குக் கீழேயும் சுத்தத்துக்காகக் கட்டையாக வெட்டிவிடலாம், அதில் தவறில்லை.

உடம்பு முழுக்கச் சிக்கு ஒரு கெட்டியான போர்வையாக இறுகிப்போன பூனைக்கு மட்டும் மழிப்பதைத் தவிர வழியில்லை. அதைக் கால்நடை மருத்துவரிடம், தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுத்துச் செய்வதுதான் பூனைக்கு நல்லது.

இன்னொன்று: பூனை வாயைத் திறந்துகொண்டு நாய் மாதிரி மூச்சிரைத்தால் அது ஆபத்தின் அறிகுறி. சீப்பைத் தேட வேண்டாம், உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

எக்ஸாட்டிக் ஷார்ட்ஹேர் வாங்கினால் பெர்சியன் அழகும் கிடைக்கும், முடித் தொல்லையும் இருக்காது என்கிறார்களே?

பாதி சரி. பெர்சியனை அமெரிக்கன் ஷார்ட்ஹேரோடு சேர்த்து அமெரிக்காவில் உருவாக்கிய இனம் இது. சிக்கு விழுவது மிகக் குறைவு. வாரம் இரண்டு மூன்று தடவை சீவினால் போதும். ஆனால் பெர்சியனின் அடிமுடி அப்படியே வந்திருக்கிறது. உதிர்கிற முடி சிக்கில் மாட்டாமல் நேராகத் தரைக்கு வரும்.

மெயின் கூன், நார்வே காட்டுப் பூனை, சைபீரியன் எல்லாம் நம் ஊருக்குச் சரிப்படுமா?

மூன்றும் பனி விழும் ஊர்களின் பூனைகள். மெயின் கூன் அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியிலுள்ள மெயின் மாநிலத்தது, பெயரே அதுதான். மற்ற இரண்டும் எங்கிருந்து வந்தவை என்று பெயரிலேயே இருக்கிறது. மேல்முடியில் எண்ணெய்ப் பசை இருப்பதால் பனியும் தண்ணீரும் வழிந்தோடிவிடும். கழுத்தைச் சுற்றிப் பிடரி, தொடையில் தொங்கும் முடி, காது நுனியிலும் விரல் இடுக்கிலும் குச்சம். அடிமுடி நார்வே பூனைக்கும் சைபீரியனுக்கும் மிக அடர்த்தி. மெயின் கூனுக்கு அவற்றைவிடக் கொஞ்சம் லேசு. நுனிமுடி சற்று முரடாக இருப்பதால் பெர்சியன் அளவுக்குச் சிக்கு விழாது. வாரம் இரண்டு மூன்று தடவை போதும். மொத்தமாக உதிர்க்கும் காலத்தில் தினமும்.

ஏசி உள்ள வீடு, மின்வெட்டு வந்தாலும் சமாளிக்க வசதி என்றால் வளர்க்கலாம். தகரக் கூரை, மொட்டை மாடி அறை என்றால் அந்தப் பூனையைக் கஷ்டப்படுத்த வேண்டாம்.

ராக்டால்?

1960களில் கலிபோர்னியாவில் உருவான இனம். முடி ஓரளவு நீளம், அடிமுடி பெர்சியனைவிட மிகக் குறைவு. நீளமுடிப் பூனைதான் வேண்டும், ஆனால் தினமும் உட்கார நேரமில்லை என்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எந்த இனங்கள் குறைவாகக் கொட்டும்?

சயாமீஸ், ஓரியண்டல், பர்மீஸ், டாங்கினீஸ், பாம்பே. எல்லாவற்றுக்கும் உடம்போடு ஒட்டிய மெல்லிய முடி, அடிமுடி பெயரளவுக்குத்தான். வாரம் ஒருமுறை ரப்பர் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, ஈரக் கையால் ஒரு தடவு தடவினால் முடிந்தது. பெங்காலும் இந்தப் பக்கம் சேரும். ரஷ்யன் ப்ளூ இதில் சேராது. கட்டை முடியானாலும் இரண்டடுக்கு, தொட்டால் விரல் பதியும் அளவுக்கு அடர்த்தி.

சயாமீஸ் சியாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து வந்த பூனை. நம்மூர் மாதிரியே வெப்பமான நாடு. அதன் முடியில் ஓர் அதிசயம் உண்டு. நிறத்தை உண்டாக்கும் நொதி சூடான இடத்தில் வேலை செய்யாது. அதனால் உடம்பு வெளுத்தும், குளிர்ச்சியாக இருக்கும் காது, முகம், பாதம், வால் கறுத்தும் இருக்கின்றன. தாயின் வயிற்றுச் சூட்டிலிருந்து வரும் குட்டி வெள்ளையாகவே பிறக்கும். கருத்தடை ஆபரேஷனுக்காக மழித்த இடத்தில் புது முடி கறுப்பாக முளைத்தால் பயப்படாதீர்கள். முடியில்லாமல் அந்த இடம் குளிர்ந்து போனதால் வந்த நிறம். அடுத்த சுற்று முடி வரும்போது பழையபடி வெளுத்துவிடும்.

ரெக்ஸ் பூனைகளுக்கு முடி கொட்டவே கொட்டாதாமே?

கொட்டும், குறைவாக. 1950-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு பண்ணையில் பிறந்த குட்டிகளில் ஒன்று மட்டும் சுருட்டை முடியோடு இருந்தது. அந்தக் கடுவனுக்கு வைத்த பெயர் கல்லிபங்கர். இன்றைக்குள்ள கார்னிஷ் ரெக்ஸ் எல்லாம் அதன் வழியில் வந்தவை. பத்து வருஷம் கழித்துப் பக்கத்து மாவட்டமான டெவனில் இன்னொரு சுருட்டைக் குட்டி. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து இணை சேர்த்தார்கள். பிறந்த குட்டிகள் அத்தனையும் நேர்முடி. ஆக, இரண்டு சுருட்டைக்கும் காரணம் வேறு வேறு மரபணு என்று அப்போதே தெரிந்துபோயிற்று. பல பத்தாண்டு கழித்து ஆய்வகங்களும் அதை உறுதி செய்தன.

கார்னிஷ் ரெக்ஸுக்குக் காவல் முடியே கிடையாது. அலை அலையாக உடம்போடு ஒட்டிக் கிடக்கும் மெல்லிய முடி மட்டும். டெவன் ரெக்ஸுக்கு மூன்று வகையும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு, ஆனால் எளிதில் ஒடியும். மீசைகூடக் குட்டையாக முறிந்திருக்கும். இரண்டையும் அழுத்திச் சீவக் கூடாது. மெல்லிய துணியால் தடவிவிட்டாலே போதும். செல்கர்க் ரெக்ஸ் வேறு மாதிரி: 1987-ல் அமெரிக்காவின் மொன்டானாவில் தொடங்கிய இனம், அடர்த்தியான சுருட்டை. பெயரில் ரெக்ஸ் இருக்கிறது என்று கொட்டாது என நினைத்துவிட வேண்டாம். இது நன்றாகவே கொட்டும்.

முடியே இல்லாத ஸ்பிங்ஸ் வாங்கிவிட்டால் பராமரிப்பே வேண்டாமா?

வேலை கூடும். 1966-ல் கனடாவின் டொரன்டோவில் பிறந்த முடியற்ற குட்டியிலிருந்து இதன் கதை தொடங்குகிறது. முழுக்க வழுக்கை இல்லை. பீச் பழத்தின் தோலில் இருப்பது போன்ற பூமுடி இருக்கும். மற்றப் பூனைகளுக்குத் தோல் எண்ணெய் முடியில் பரவி மறைந்துவிடும். இதற்கு எண்ணெய் போக இடமில்லாமல் தோலிலேயே படியும். வாரம் ஒருமுறை குளியல், காதில் அழுக்கு, நகக்கண்ணில் பழுப்புப் பிசுக்கு, படுக்கை விரிப்பில் எண்ணெய்க் கறை. வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். ஏசி போட்டால் நடுங்கும்.

எனக்குப் பூனை அலர்ஜி. முடி குறைந்த இனம் வாங்கினால் சரியாகிவிடுமா?

தும்மலுக்குக் காரணம் முடி இல்லை. ஃபெல் டி 1 என்ற புரதம். அது பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பியிலும் உண்டாகிறது. நக்கும்போது முடியில் படிந்து, காய்ந்து, பொடியாகக் காற்றில் மிதக்கிறது. ஸ்பிங்ஸுக்கும் எச்சில் உண்டு, சுரப்பி உண்டு. அதனால் 'அலர்ஜி வராத இனம்' என்று யாராவது குட்டி விற்றால் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

ஒரே இனத்துக்குள்ளேயே ஒரு பூனைக்கும் இன்னொரு பூனைக்கும் இந்தப் புரதத்தின் அளவு நிறைய மாறும். கருத்தடை செய்த கடுவனுக்கு, செய்யாததைவிடக் குறைவு. வாங்க நினைக்கும் அதே பூனையோடு, அதே வீட்டில், வேறு வேறு நாளில் சில மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஆஸ்துமா இருந்தால் முதலில் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். இந்தப் புரதத்தைப் பூனையின் வாயிலேயே முறியடிக்கும் முட்டைப் பொருள் கலந்த உணவு 2020-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அலர்ஜிப் பொருளைக் குறைக்கும், முழுக்க நீக்காது.

பெர்சியனுக்கும் நாட்டுப் பூனைக்கும் குட்டி போட்டால் நீளமுடி வருமா?

பெரும்பாலும் முதல் தலைமுறையில் வராது. முடி ஓரளவு வளர்ந்ததும் "போதும், நில்" என்று சொல்லும் மரபணு ஒன்று உண்டு. எஃப்ஜிஎஃப் 5 என்று பெயர். அது பழுதானால் முடி நிற்காமல் நீள்கிறது. நீளமுடிப் பூனைகளில் இந்த மரபணு நான்கு விதமாகப் பழுதாகியிருப்பதை 2007-ல் கண்டுபிடித்தார்கள். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பிரதி சேர்ந்தால்தான் நீளமுடி. நாட்டுப் பூனையிடமிருந்து ஒரு நல்ல பிரதி வந்தாலே குட்டி கட்டைமுடிதான். அப்படிப் பிறந்த இரண்டு கலப்புக் குட்டிகளை இணை சேர்த்தால் சராசரியாக 4-ல் 1 நீளமுடியோடு வரும்.

தெருப் பூனைகளிலும் சில இந்தப் பழுதான பிரதியைச் சுமக்கின்றன. அதனால் முடி நீளமாக இருப்பதாலேயே ஒரு குட்டி பெர்சியன் ஆகிவிடாது. வம்சாவளிச் சான்று இல்லாமல் "பியூர்" என்று சொல்லும் வார்த்தைக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

எத்தனை நாளைக்கு ஒருமுறை குளிப்பாட்டலாம்?

கட்டைமுடிப் பூனைக்கு அவசியமே இல்லை. பெர்சியனுக்கு மாதம் ஒருமுறை போதும். குளிப்பாட்டும் முன் சீவுங்கள். சிக்கோடு நனைத்தால் அது இறுகி, பிறகு எந்தச் சீப்பாலும் எடுக்க வராது. மனிதர்களின் ஷாம்பு வேண்டாம். கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: அடிமுடி காய வெகுநேரம் ஆகும். மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் இருக்கும், அங்கே பூஞ்சை வரும். டவலால் ஒற்றி எடுத்து, குறைந்த சூட்டில் டிரையர் போட்டு, வகிடெடுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

சாப்பாட்டுக்கும் முடிக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. பூனை மாமிசப் பிராணி. அதற்கு வேண்டிய சில கொழுப்பு அமிலமும் டாரின் என்ற சத்தும் அசைவத்திலிருந்துதான் கிடைக்கும். பாலும் தயிர்சாதமும் மட்டுமே சாப்பிட்டு வளரும் பூனையின் முடி மங்கி, வறண்டு, பொடுகோடு இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். சைவ வீடு என்பதற்காகப் பூனையையும் சைவமாக்க முடியாது. வேகவைத்த கோழி, மீன், முட்டை கொடுங்கள். இவை மட்டும் போதாது, எல்லாச் சத்தும் சேர்ந்த பூனை உணவும் வேண்டும். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வயிற்றுப்போக்கானால் வால் முடியும் சேர்ந்து நாசமாகும்.

முடி உருண்டையை வாந்தி எடுக்கிறது. விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?

கூடாது. வாயில் ஊற்றும் எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலைக் கெடுத்துவிடும். எப்போதாவது ஒரு உருண்டை வருவது நீளமுடிப் பூனைக்குச் சகஜம். தினமும் சீவினாலே விழுங்கும் முடி குறையும். தொட்டியில் கொஞ்சம் அருகம்புல் வளர்த்துவையுங்கள், தேவைப்படும்போது தானே மெல்லும். திரும்பத் திரும்பக் குமட்டி ஒன்றும் வெளியே வராமல், சாப்பிடாமல், மலம் கழிக்காமல் இருந்தால் குடலில் அடைப்பு இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இயல்பான உதிர்வா, நோயா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உடம்பு முழுக்கச் சீராக உதிர்ந்து, எங்கும் தோல் தெரியாமல் இருந்தால் இயல்பு. சொட்டை விழுந்தால் காரணம் தேட வேண்டும்.

வால் தொடங்கும் இடத்திலும் இடுப்பிலும் முடி போயிருந்தால் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி. அங்கே நெருக்கப் பல் சீப்பால் சீவி, வரும் கறுப்புப் பொடியை ஈரமான வெள்ளை டிஷ்யூ பேப்பரில் தட்டுங்கள். வெறும் மண் என்றால் அப்படியே இருக்கும். சுற்றிலும் செம்பழுப்பாகக் கசிந்தால் அது பூச்சியின் எச்சம், அதிலிருப்பது உங்கள் பூனையின் ரத்தம். மருந்து வாங்கும்போது கவனம்: நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாது. பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போகும். "பூனைக்கு" என்று போட்ட மருந்தை மட்டும் வாங்குங்கள்.

முகத்திலோ காதிலோ காலிலோ வட்டமாகச் சொட்டை, ஓரத்தில் செதில், முடி பாதியில் ஒடிந்திருக்கிறது என்றால் படர்தாமரையாக இருக்கலாம். மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை. நீளமுடிப் பூனைகளில், குறிப்பாகப் பெர்சியனில் அதிகம். வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் தொற்றும். பூனைக்கு மட்டும் மருந்து போட்டால் தீராது. உதிர்ந்த முடியிலேயே வித்துகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சீப்பு, விரிப்பு எல்லாவற்றையும் சுத்தம் செய்ய வேண்டும்.

வயிற்றிலும் தொடை உட்பக்கத்திலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கை என்றால் பூனையே நக்கி நக்கி எடுத்திருக்கிறது. அரிப்பு, வலி, அல்லது வீடு மாறியது, புதுப் பூனை வந்தது போன்ற மனக்கலக்கம் காரணமாகலாம். வயதான பூனை நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்து, முடி பரட்டையாக இருந்தால் தைராய்டு பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

குட்டி போட்ட பிறகு என் பெட்டைப் பூனைக்கு முடி கொட்டிப் பாதியாகிவிட்டது. திரும்ப வருமா?

வரும். பால் கொடுக்கும் காலத்தில் உடம்பிலுள்ள சத்தெல்லாம் குட்டிக்குப் போகிறது. குட்டிகள் பால் மறந்த சில மாதங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். கருத்தடைக்குப் பிறகு சில பூனைகளுக்கு முடி முன்னைவிட மென்மையாக, அடர்த்தியாக வரும். அப்போது சீவும் வேலையும் கூடும்.

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். வளர்க்கலாமா?

இப்போது வளர்க்கலாம். 1989 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனைக்குத் தடை இருந்தது. பொது இடங்களில் முடி உதிர்க்கும் என்பதும் அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீட்டுக்கு 2 பூனை வரை உரிமத்தோடு வளர்க்க அனுமதி உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் மனம் கோணாமல் இருக்க, வாசலிலும் தாழ்வாரத்திலும் வைத்துச் சீவாதீர்கள்.

குட்டி பார்க்கப் போகிறேன். விற்கிறவரிடம் என்ன கேட்க வேண்டும்?

குட்டியின் முடியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஏழெட்டு வாரக் குட்டி எல்லாமே புசுபுசுவென்றுதான் இருக்கும். நாலைந்து மாதத்துக்கு மேல் அந்தக் குட்டிமுடி உதிர்ந்து, பெரிய பூனையின் முடி வரத் தொடங்கும். மெயின் கூன் போன்ற இனங்களுக்கு முழு முடி வர இரண்டு மூன்று வருஷம்கூட ஆகும். தாய் காய்ச்சலில் இருந்தபோது வயிற்றிலிருந்த குட்டிகள் சில, வெள்ளிச் சாம்பல் நிறத்தில் பிறந்து, பிறகு நிறம் மாறிவிடும். 'அபூர்வ நிறம்' என்று கூடுதல் விலை சொன்னால் நிதானியுங்கள்.

தாய்ப் பூனையைக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் தகப்பனையும். விலாவில் வகிடெடுத்து அடிமுடியைப் பாருங்கள், அக்குளில் விரலை விட்டுப் பாருங்கள். அங்கே சிக்கு இல்லையென்றால் அந்த வீட்டில் பூனையைத் தினமும் கவனிக்கிறார்கள். குட்டிகள் சீப்பைப் பார்த்து ஓடுகின்றனவா, மடியில் கிடக்கின்றனவா என்று கவனியுங்கள். சின்ன வயதிலேயே சீப்புக்குப் பழகிய பெர்சியன் குட்டி, ஆயுசு முழுக்க உங்கள் வேலையைப் பாதியாக்கும். தாயைக் காட்ட மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.